முசோலினியின் முதல் நிதியமைச்சர் ஆல்பர்ட்டோ டி ஸ்டெஃபானி: பற்றாக்குறையை அடைத்தது அவரா, காலமா?

பேரேடு

"பாசிச அரசில் ஒரு பொருளாதாரப் பேராசிரியர் வந்தார், மூன்று வருடத்துக்குள் பட்ஜெட் சமநிலைக்கு வந்துவிட்டது" என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். அதைக் கணக்கு வழியாகச் சோதித்துப் பார்க்கத்தான் இந்த இழை.

ஆளைப் பற்றி முதலில். ஆல்பர்ட்டோ டி ஸ்டெஃபானி 1879இல் வெரோனாவில் பிறந்தவர். வெனிஸின் கா ஃபொஸ்காரி வணிகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர். 1921 தேர்தலில் பாசிஸ்ட் வேட்பாளராக நாடாளுமன்றம் போனார். 1922 அக்டோபர் 31 முதல் 1925 ஜூலை 10 வரை நிதியமைச்சர். ஆரம்பத்தில் கருவூலத் துறை அவரிடம் இல்லை. மக்கள் கட்சியைச் சேர்ந்த வின்சென்சோ டங்கோரா அதை வைத்திருந்தார். அவர் 1922 டிசம்பரில் இறந்ததும் அந்த அமைச்சகத்தையே நிதித் துறையோடு இணைத்துவிட்டார்கள். வரி வசூல், செலவு, கடன் மூன்றும் ஒரே மேசைக்கு வந்தன. இதைப் பலர் கடந்து போய்விடுகிறார்கள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த இணைப்பு அடிப்படை.

இனி எண்கள். இத்தாலிய நிதியாண்டு அப்போது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. அதிகாரபூர்வக் கணக்கின்படி:

1920-21: சுமார் 1,740 கோடி லிரா பற்றாக்குறை
1921-22: சுமார் 1,576 கோடி பற்றாக்குறை
1922-23: சுமார் 303 கோடி பற்றாக்குறை
1923-24: சுமார் 42 கோடி பற்றாக்குறை
1924-25: சுமார் 42 கோடி உபரி

பெரிய சரிவு எந்த ஆண்டில் என்று பாருங்கள். 1922-23இல். அந்த ஆண்டின் முதல் நான்கு மாதம் அவர் பதவியிலேயே இல்லை.

வினாக்குறி

பேரேடு ஐயா, ஒரே வருடத்தில் 1,200 கோடிக்கு மேல் குறைவது எப்படி? அவ்வளவு வரியை யார் கட்டியிருக்க முடியும்? செலவை வெட்டினார் என்றால் எதை வெட்டினார்?

பேரேடு

பெரும்பகுதி வெட்டியதால் குறையவில்லை, தீர்ந்துபோனதால் குறைந்தது. கணக்கு முறையைப் புரிந்துகொண்டால் விளங்கும். இத்தாலியில் ஒரு செலவுக்கு அரசு சட்டப்படி எந்த ஆண்டில் பொறுப்பேற்கிறதோ அந்த ஆண்டின் பற்றில் அது ஏறும். காசு கைமாறுவது அதற்குப் பிறகும் இருக்கலாம். முதல் உலகப்போர் 1918 நவம்பரில் முடிந்தாலும் போர்க்கால ஒப்பந்தங்களின் நிலுவை, வடகிழக்கில் சேதமான ஊர்களுக்கான இழப்பீடு, வெளிநாட்டுக் கோதுமையை வாங்கி நட்டத்துக்கு விற்ற கணக்கு எல்லாம் 1919 முதல் 1922 வரையிலான ஏடுகளில்தான் ஏறின. அந்தக் கணக்குகள் முடிய முடிய பற்றாக்குறை தானாக இறங்கியது.

இன்னொன்று ரொட்டி மானியம். அதை நிறுத்தும் சட்டம் வந்தது 1921 பிப்ரவரியில், அப்போதைய பிரதமர் ஜொலித்தியின் ஆட்சியில். அரசியல் பழியை ஜொலித்தி சுமந்தார், பட்ஜெட் நிம்மதியை அடுத்து வந்தவர்கள் அனுபவித்தார்கள்.

ஆக, 1,576 கோடியிலிருந்து 303 கோடிக்கு வந்ததை டி ஸ்டெஃபானி பெயரில் எழுதுவது தவறு. 303இலிருந்து உபரிக்கு வந்த தூரத்துக்கு அவர் பெயரை எழுதலாம். அதுவும் சிறிய வேலை இல்லை. கடைசி 300 கோடியை அடைப்பது எப்போதுமே கடினம், ஏனென்றால் அங்கே மிஞ்சி நிற்பது சம்பளமும் ரயில்வே நட்டமும் கடன் வட்டியும்.

மேற்குத்திசை

கணக்கு சரி. ஆனால் இதை 1924இலேயே ஒருவர் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஜாக்கோமோ மத்தேயொத்தி. ஐக்கிய சோஷலிஸ்ட் கட்சியின் செயலாளர், நாடாளுமன்றத்தில் பொது நிதிக் கணக்கை வரி வரியாகப் படிக்கக்கூடிய சிலரில் ஒருவர். பாசிச ஆட்சியின் முதல் ஆண்டைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில், நிதிநிலை தேறத் தொடங்கியது முந்தைய ஆட்சிகளில்தான் என்று அரசின் எண்களை வைத்தே காட்டினார். 1924 மே 30 அன்று தேர்தல் வன்முறை பற்றிப் பேசினார். ஜூன் 10 அன்று கடத்திக் கொன்றார்கள். மறுநாள் பட்ஜெட் விவாதத்தில் அவர் பேசுவதாக இருந்தது.

அதனால் டி ஸ்டெஃபானியை "அரசியல் தெரியாத நிபுணர்" என்று எழுதுவதை ஏற்க முடியாது. 1922 அக்டோபர் தொடக்கத்தில் பாசிஸ்ட் கட்சியின் அடியாள் படையான கருஞ்சட்டையினர் போல்சானோ நகரைக் கைப்பற்றியபோது முன்னால் நின்ற தலைவர்களில் இவரும் ஒருவர். ஜெர்மன் பேசும் மக்களின் நகர மேயரை அங்கிருந்து விரட்டினார்கள். பேராசிரியர் பட்டம் அவரை அந்தக் கும்பலிலிருந்து தள்ளி நிறுத்தவில்லை.

மத்தேயொத்தி கொலைக்குப் பிறகு சக அமைச்சர்கள் ஃபெடர்சோனி, ஜென்டிலே, ஒவிலியோ ஆகியோரோடு சேர்ந்து பதவியை முசோலினியின் முடிவுக்கு விட்டார் என்பது உண்மை. ஆனால் விலகவில்லை. மேலும் ஓராண்டு அதே நாற்காலியில் இருந்தார்.

அரசாணை

மேற்குத்திசை சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் சட்டப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவருக்கு இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? 1922 டிசம்பர் 3 தேதியிட்ட 1601ஆம் எண் சட்டம். வரி அமைப்பையும் அரசு நிர்வாகத்தையும் மாற்றியமைக்க அரசுக்கு 1923 டிசம்பர் 31 வரை முழு அதிகாரம். நாடாளுமன்றமே வாக்களித்துக் கொடுத்தது, பாசிஸ்ட் அல்லாதவர்களும் சேர்ந்து. அந்த ஆண்டில் வந்தவற்றைப் பாருங்கள்.

1922 நவம்பரில், முழு அதிகாரம் கிடைப்பதற்கு முன்பே, பங்குப் பத்திரங்களை உரிமையாளர் பெயரில் கட்டாயம் பதிய வேண்டும் என்ற ஜொலித்தி காலத்து 1920 சட்டத்தை ரத்து செய்தார். போர்ச் செலவு முறைகேடுகளை ஆராய்ந்த நாடாளுமன்ற விசாரணைக் குழுவும் அதே மாதத்தில் கலைக்கப்பட்டது. போரில் கொழுத்த ஆலை முதலாளிகளுக்கு இந்த இரண்டும் எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை.

1923 ஜனவரியில் விவசாய வருமானம் வரிக்குள் வந்தது. சொந்த நிலக்காரரோடு வாரத்துக்குப் பயிர் செய்தவரும் மாட்டினார். அரசு நிறுவனங்களின் நிரந்தரத் தொழிலாளிகளின் கூலிக்கும் வரி விரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நெருங்கிய குடும்பத்துக்குள் போகும் சொத்துக்கு வாரிசு வரி நீங்கியது. மேலே உள்ளவருக்கு விலக்கு, கீழே உள்ளவருக்குப் புது வரி. "உற்பத்திக்கு உதவும் நிதிக் கொள்கை" என்று அவர் சொன்னதன் நடைமுறை இதுதான்: சேமிக்கக்கூடியவரிடம் பணத்தை விட்டால் அது முதலீடாகும் என்ற நம்பிக்கை.

ஆனால் 1923 டிசம்பர் கடைசியில், மொத்த வருமானத்தின் மேல் படிப்படியாக உயரும் துணை வருமான வரியையும் இவரே கொண்டுவந்தார். 1925 முதல் அமல், விகிதம் 1 முதல் 10 சதவீதம். அதுவரை இத்தாலியில் நிலம், கட்டடம், தொழில் என்று தனித்தனியாகத்தான் வரி. ஒரு மனிதனின் மொத்த வருமானத்தைக் கூட்டிப் பார்க்கும் வரி இல்லை. முந்தைய அமைச்சர்கள் திட்டம் தீட்டி நிறைவேற்ற முடியாமல் போனது அது. "பணக்காரருக்காக மட்டும் வேலை செய்தார்" என்று ஒற்றை வரியில் முடிக்க முடியாதபடி செய்வது இந்த ஒன்றுதான்.

மேற்குத்திசை

அரசாணை, 10 சதவீதம் என்ற உச்சம் மிகத் தாழ்ந்தது. பங்குப் பத்திரம் பெயரில்லாமல் இருக்கும்போது அந்த வருமானத்தை யாருடையது என்று கண்டுபிடித்துக் கூட்டுவது? வரியைப் படிப்படியாக உயர வைத்துவிட்டு, உயரவேண்டிய இடத்தில் இருப்பவரின் சொத்தை மறைக்கும் வழியையும் அவரே திறந்துவைத்தார். சம்பளக்காரரும் வீட்டுக்காரரும்தான் முழுத் தொகையும் கட்டியிருப்பார்கள்.

அரசாணை

அது நியாயமான எதிர்வாதம், மறுக்க மாட்டேன். ஆனாலும் ஒரு வரியின் சட்டகம் நிற்பதும் அதன் விகிதம் தாழ்ந்திருப்பதும் வேறு வேறு. சட்டகம் 1970களின் வரிச் சீர்திருத்தம் வரை நின்றது.

பேரேடு

அவருடைய உண்மையான சாதனை என்று கேட்டால் நான் வரியைச் சொல்ல மாட்டேன். 1923 நவம்பர் 18 தேதியிட்ட 2440ஆம் எண் அரச ஆணை, அதாவது அரசுக் கணக்குச் சட்டம். அதற்கான விதிகள் 1924 மே மாதம் 827ஆம் எண்ணில் வந்தன.

அதற்கு முன் நிலைமை என்ன? ஒவ்வொரு அமைச்சகத்திலும் ஒரு கணக்கு அலுவலகம் இருந்தது. அந்தக் கணக்கர் அமைச்சருக்குக் கீழே. "பணம் இல்லை" என்று சொல்ல வேண்டியவரின் பதவி உயர்வு, பணம் கேட்பவர் கையில். அதனால் ஒதுக்கீட்டுக்கு மேல் பொறுப்பேற்றுவிட்டு ஆண்டுக் கடைசியில் நாடாளுமன்றத்திடம் கூடுதல் தொகை கேட்பது வழக்கமாகிவிட்டது. போர் அதை எல்லை மீற வைத்தது. 1923இல் அந்த அலுவலகங்களை அரசின் பொதுக் கணக்கு அலுவலகத்துக்குக் கீழே கொண்டுவந்தார்கள். கணக்கரின் மேலதிகாரி இப்போது நிதித் துறையில் இருந்தார்.

ஒரு செலவு நான்கு படிகளைத் தாண்ட வேண்டும். முதலில் பொறுப்பேற்றல்: இன்ன ஒதுக்கீட்டில் இவ்வளவு தொகை கட்டப்பட்டது என்று கணக்கர் பதிந்தால்தான் செல்லும். அடுத்து தொகையை உறுதிசெய்தல்: சரக்கு வந்ததா, வேலை முடிந்ததா, எவ்வளவு பாக்கி என்று ஆவணத்தோடு நிறுவுதல். மூன்றாவது பட்டுவாடா ஆணை. நான்காவது கருவூலத்திலிருந்து பணம் போவது. தடுப்பு முதல் படியிலேயே இருப்பதுதான் முக்கியம். நான்காவது படியில் தடுத்தால் கடன்காரன் வழக்குப் போடுவான், அரசு தோற்கும்.

இந்த முறையில் எங்கே ஓட்டை? நிலுவைத் தொகைகளில். இந்த ஆண்டு பொறுப்பேற்று இந்த ஆண்டு கொடுக்காத தொகை அடுத்த ஆண்டுக்கு நகரும். நகர்ந்தவை சேரச் சேர, பட்ஜெட் சமநிலையில் இருப்பதாகக் காட்டும், ஆனால் கருவூலத்தின் மேல் பாரம் கூடும். ஆகவே 1924-25 உபரியைப் படிக்கும் எவரும் கருவூலக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

வினாக்குறி

அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறதா?

அரசாணை

பகுதி பகுதியாக இருக்கிறது. உதாரணம் 69ஆம் பிரிவு: ஒரு அரசுத் துறையிடம் பணம் பெற வேண்டியவர் இன்னொரு துறைக்குக் கடன்பட்டிருந்தால், கடன் கொடுத்த துறை கேட்டுக்கொண்டபடி பட்டுவாடாவை நிறுத்திவைக்கலாம். இத்தாலிய நீதிமன்றங்களில் இன்றும் இந்தப் பிரிவை வைத்து வழக்கு நடக்கிறது.

அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு ஆணை, எண் 2395. அரசு ஊழியர் அனைவரையும் 13 படிகளாகப் பிரித்தது, ராணுவப் பதவிகளுக்கு இணையாக. கல்வித் தகுதிப்படி ஏ, பி, சி என்று மூன்று குழுக்கள். சம்பளம் படியைப் பொறுத்தது, துறையைப் பொறுத்தது அல்ல. அமைச்சர்கள் தங்கள் துறைக்கு மட்டும் தனிப் படிகள் வாங்கித் தரும் பழக்கத்தை அடைக்க இது உதவியது. ஆனால் அதே காலத்தில் ரயில்வேயில் சுமார் 50,000 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். போருக்குப் பின் ஆள் மிகுதியாக இருந்தது உண்மைதான். ஆனால் யார் போவது என்று தேர்ந்தெடுத்தபோது 1919-22 வேலைநிறுத்தங்களில் நின்றவர்கள் முன்னால் வந்தார்கள். சிக்கனமும் பழிவாங்கலும் ஒரே பட்டியலில்.

மேற்குத்திசை

தனியார்மயத்தையும் சேர்த்துவிடுவோம், சுருக்கமாக. தீப்பெட்டி விற்பனையின் அரசு ஏகபோகம் 1923இல் உற்பத்தியாளர் கூட்டமைப்பிடம் போனது, வரி வசூலும் அவர்கள் வழியாக. 1912இல் அப்போதைய அமைச்சர் நித்தி கொண்டுவந்த ஆயுள் காப்பீட்டு ஏகபோகம் 1923இல் கைவிடப்பட்டது. ட்ரியஸ்டேயைச் சேர்ந்த ஜெனராலி, அட்ரியாட்டிகா என்ற தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டும் நிலைத்தன, ஆனால் புதிய பாலிசிகளில் ஒரு பங்கை அரசு நிறுவனத்துக்கு விட வேண்டும் என்ற நிபந்தனையோடு. தொலைபேசி 1925இல் ஐந்து வட்டாரங்களாகப் பிரித்து ஐந்து நிறுவனங்களுக்குக் கொடுக்கப்பட்டது: ஸ்டிபெல், டெல்வே, டிமோ, டெட்டி, செட். நெடுந்தூர இணைப்பு அரசிடமே இருந்தது.

எட்டே வருடத்தில், 1933 ஜனவரியில், பெனெதுச்சே தலைமையில் ஐரி என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கி, மூழ்கிய வங்கிகளையும் அவற்றின் பங்குகளையும் அரசே எடுத்துக்கொண்டது. ஸ்டிபெல், டெல்வே, டிமோ மூன்றும் அதன் வழியாக மறுபடி அரசின் கைக்கு வந்தன.

சந்தைப்படி

எல்லோரும் அவருடைய ஏற்றத்தைப் பேசுகிறீர்கள். வீழ்ச்சி 1925 பிப்ரவரியில் தொடங்கியது, பங்குச் சந்தையில். அதைப் புரிந்துகொள்ள அன்றைய மிலான் சந்தையின் நடைமுறை தெரிய வேண்டும்.

அங்கே பெரும்பாலான வியாபாரம் மாதக் கடைசித் தீர்வுக்கு. இன்று வாங்கு, மாத முடிவில் பணம் கொடு. முடிவு வந்தால் கொடுக்கத் தேவையில்லை, "ரிப்போர்த்தோ" போடலாம்: பங்கை ஒருவரிடம் விற்று, அடுத்த மாத முடிவுக்கு அதையே கொஞ்சம் கூடிய விலைக்கு வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம். அந்த வித்தியாசம்தான் வட்டி. எதிர்ப்பக்கம் பணம் போடுவது வங்கி.

எடுத்துக்காட்டாக 500 லிரா பங்கு 100 வாங்குகிறார் ஒருவர். மொத்தம் 50,000. கையில் ஒன்றும் இல்லை. விலை 550 ஆனால் 5,000 லாபம், வட்டி போக. விலை ஏறிக்கொண்டே இருக்கும்வரை மாதாமாதம் தள்ளிப்போடலாம். 1924இல் சந்தை ஏறியபோது இப்படித்தான் ஏறியது. வங்கிகள் சேமிப்பாளர் பணத்தை ரிப்போர்த்தோவில் போட்டன. பணம் தட்டுப்பட்டால் நோட்டு வெளியிடும் வங்கியிடம் கை நீட்டின. அப்படியாக ஊகத்தின் பாரம் கடைசியில் நோட்டுப் புழக்கத்தில் ஏறியது. நிதியமைச்சருக்குக் கவலை அங்கேதான்.

பிப்ரவரி கடைசியில் ஆணை: மாதத் தீர்வுக்கு வாங்குபவர் விலையில் 25 சதவீதத்தை ரொக்கமாக முன்வைக்க வேண்டும். மேலே உள்ள ஆள் 12,500 லிரா உடனே காட்ட வேண்டும். மார்ச்சில் இன்னொரு ஆணை, தரகர்களின் நியமனத்தையும் பிணைத்தொகையையும் அரசின் கைக்குக் கொண்டுவந்தது.

கொள்கை தவறில்லை. எந்த ஒழுங்குமுறை அதிகாரியும் ஏறுகிற சந்தையில் முன்பணத்தைக் கூட்டத்தான் சொல்வார். தவறு செய்தது மூன்று இடத்தில். ஒன்று, உச்சியில், படிப்படியாக இல்லாமல் ஒரேயடியாகப் போட்டார். 5, 10, 15 என்று ஏற்றியிருந்தால் நிலைகளைக் கரைக்க நேரம் கிடைத்திருக்கும். இரண்டு, வாங்குபவருக்கு மட்டும் கட்டுப்பாடு. சந்தையின் ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் விலை ஒரு பக்கமாகத்தான் சாயும். மூன்று, சந்தையையும் தரகரையும் ஒரே மாதத்தில் எதிர்த்தார். விற்பவரை வாங்குபவரோடு சேர்த்துவைக்க வேண்டியவர்களே கை கட்டி நின்றால் விலைக்குத் தரை இருக்காது.

பங்கு விழுந்தது. பங்கிலிருந்து வெளியே வந்த பணம் அந்நிய நாணயத்தில் ஏறியது. கோதுமை இறக்குமதிக்கு ஏற்கெனவே பவுண்டும் டாலரும் தேவையாக இருந்தன. லிரா சரிந்தது. 1922இல் ஒரு பவுண்டுக்குச் சராசரியாக 90க்குச் சற்று மேல் லிரா. 1925 கோடையில் 130ஐத் தாண்டிவிட்டது. நோட்டு வெளியிடும் வங்கியின் தள்ளுபடி வட்டியை (மற்ற வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டியை) 7 சதவீதம் வரை உயர்த்தினார்கள். ஜூனில் லிராவைத் தாங்க அமெரிக்க வங்கியான மார்கன் நிறுவனத்திடம் 5 கோடி டாலர் கடன் வசதி கேட்டு வாங்கினார்கள். இரண்டும் போதவில்லை.

வினாக்குறி

பட்ஜெட்டில் உபரி வைத்திருக்கும் நாட்டின் நாணயம் ஏன் சரிய வேண்டும்? இதுதான் எனக்கு விளங்கவில்லை.

சந்தைப்படி

நல்ல கேள்வி தம்பி. டி ஸ்டெஃபானியின் கோட்பாட்டில் இருந்த பெரிய இடைவெளி இதுவே. பற்றாக்குறை நின்றால் நோட்டு அச்சு நிற்கும், நோட்டு நின்றால் நாணய மதிப்பு நிலைக்கும் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் இத்தாலியில் நோட்டு வெளிவர அரசுப் பற்றாக்குறை ஒன்றுதான் வழி என்றில்லை, இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று தொழிலுக்குக் கடன் கொடுக்கும் பெரிய வங்கிகள். 1923இல் அப்படிப்பட்ட பாங்கோ டி ரோமா என்ற வங்கியைத் தூக்கி நிறுத்தியபோது அந்தச் செலவு கடைசியில் நோட்டு வெளியிடும் வங்கியின் மேல்தான் விழுந்தது. இன்னொன்று கருவூல உண்டியல்கள், அதாவது அரசு விற்கும் குறுகிய காலக் கடன் பத்திரங்கள். சேமிப்பாளர்கள் தவணை வந்ததும் புதுப்பிக்காமல் ரொக்கம் கேட்டால், அரசு உபரியில் இருந்தாலும் அச்சகத்தை நாட வேண்டும். வட்டி ஏறும் காலத்தில் அப்படிக் கேட்பார்கள். அதுதான் 1925இல் நடந்தது. வெளிநாட்டுக் கடனும் தீராமல் கிடந்தது. அமெரிக்கப் போர்க்கடன் ஒப்பந்தம் முடியும்வரை நியூயார்க்கில் நீண்டகாலக் கடன் கிடைக்காது.

மேற்குத்திசை

வெளியேற்றத்தில் அரசியல் பங்கும் உண்டு. அவர் சுங்கவரியைக் குறைக்க விரும்பிய தடையற்ற வணிகக் கொள்கைக்காரர். சர்க்கரை ஆலைகள், இரும்பு ஆலைகள், கோதுமை நிலக்காரர்கள் மூவருக்கும் அது பிடிக்கவில்லை. தொடக்கத்தில் அவரைத் தாங்கிய பணக்காரர்களே பங்குச் சந்தை ஆணைக்குப் பிறகு எதிராகத் திரும்பினார்கள். லூயிஜி ஐனாவுடி போன்ற தாராளவாதப் பொருளாதார அறிஞர்கள் முதலில் அவருடைய சிக்கனத்தைப் பாராட்டியவர்கள். மத்தேயொத்தி கொலைக்குப் பிறகு அந்த ஆதரவும் இல்லை. ஆக 1925 கோடையில் அவருக்கு ஆதரவாகப் பேச எந்தப் பக்கத்திலும் ஆள் இல்லை.

பதிலுக்கு வந்தவர் ஜுசெப்பே வோல்பி, வெனிஸ் மின்சாரத் தொழிலதிபர். இரண்டு வாரத்துக்குள் கோதுமை இறக்குமதி வரி திரும்பியது. நவம்பரில் அமெரிக்கப் போர்க்கடன் ஒப்பந்தம், உடனே மார்கனின் 10 கோடி டாலர் கடன். 1926 ஜூலை முதல் நோட்டு வெளியிடும் உரிமை இத்தாலிய வங்கிக்கு மட்டும். 1927 டிசம்பரில் பவுண்டுக்கு 92.46 என்று நிலைநிறுத்தினார்கள். அதற்கான விலையைக் கூலி வெட்டாகத் தொழிலாளிகள் கொடுத்தார்கள்.

வினாக்குறி

அதற்குப் பிறகு டி ஸ்டெஃபானி என்ன ஆனார்?

அரசாணை

ரோம் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், பத்திரிகைகளில் பொருளாதாரம் எழுதினார். 1937இல் சியாங் கை-ஷேக் அரசின் ஆலோசகராகச் சீனா போனார். ஆட்சியின் உச்ச அமைப்பான பாசிசப் பேரவையில் உறுப்பினராக நீடித்தார். 1943 ஜூலை 24 இரவு தொடங்கி 25 அதிகாலை வரை நடந்த கூட்டத்தில் முசோலினிக்கு எதிராகப் பேரவை உறுப்பினர் கிராந்தி கொண்டுவந்த தீர்மானத்துக்கு வாக்களித்த 19 பேரில் அவரும் ஒருவர். 1944 ஜனவரியில், ஜெர்மனியின் துணையோடு வட இத்தாலியில் முசோலினி நடத்திய சாலோ அரசு, அவருடைய சொந்த ஊரான வெரோனாவின் காஸ்டெல்வெக்கியோவில் வழக்கு நடத்தி, கையில் கிடைக்காதவர்களுக்கும் மரண தண்டனை விதித்தது. பிடிபட்ட ஐவரை ஜனவரி 11 அன்று சுட்டார்கள், முசோலினியின் மருமகன் சியானோவும் மூத்த பாசிசத் தளபதி டி போனோவும் அதில் அடக்கம். டி ஸ்டெஃபானி தலைமறைவாக இருந்து தப்பினார். 1969இல் ரோமில் இறந்தார்.

மேற்குத்திசை

அந்த வாக்கை வைத்து அவரைக் கழுவ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1924 ஜூனில் கருவூலச் சாவி கையில் இருந்தபோது போகாதவர், 1943இல் நேச நாட்டுப் படை சிசிலியில் இறங்கிய பிறகு கையைத் தூக்கினார்.

பேரேடு

ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். பங்குப் பத்திரத்தில் பெயர் பதியும் கட்டாயம், அதாவது 1922 நவம்பரில் இவர் முதல் வேலையாக நீக்கியது, 1941இல் திரும்ப வந்தது. கொண்டுவந்தது முசோலினியின் அரசேதான், போர்ச் செலவுக்காக. மறைந்திருக்கும் பங்கு வருமானத்தைத் தேட வேறு வழி இல்லாமல் போனது. மேற்குத்திசை துணை வருமான வரி பற்றி மேலே கேட்ட கேள்விக்கு அந்த ஆணையில்தான் பதில் இருக்கிறது.